பாதிக்கப்பட்டவர்: ஒருவர்

எங்கள் நிறுவனத்தின் இணையச் செயலிகளில் பிழை ஏற்பட்டால் மூன்றாம் மாடியில் ஞானதேசிகன் தும்முவார். பதினோரு வருடங்களாக அதுதான் ஏற்பாடு. ஒரு தும்மல் என்றால் சிறிய பிழை. இரண்டு என்றால் யாராவது எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும். நிற்காமல் தும்மினால் சர்வரை அணைத்துவிடுவோம்.

போன மாதம் அவருக்குத் தும்மல் குணமாகிவிட்டது. சால்வை போர்த்தி அனுப்பிவைத்தோம். செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் தில்லைநாயகம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பிழை வந்தா தானா வந்து சொல்ற மாதிரி ஒண்ணு மாட்டிடு."

"சொன்னா என்ன பண்றது சார்?"

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல சொல்லட்டும்."

தில்லைநாயகம் நல்ல மனிதர். மதியம் இரண்டு மணிக்கு அவர் மீட்டிங்காக மாறிவிடுவார். அதன்பிறகு அவரிடம் எதுவும் கேட்க முடியாது. உள்ளே போய் உட்கார மட்டுமே முடியும். அதனால் கேட்க வேண்டியதையெல்லாம் காலையிலேயே கேட்டுவிடுவோம்.

ஆசிரியர் இடமாறுதல் செயலியில் முதலில் மாட்டச் சொன்னார். ஓர் அறக்கட்டளை நாற்பத்திரண்டு பள்ளிகள் நடத்துகிறது. அதன் ஆசிரியர்கள் ஊர் மாற விரும்பினால் அந்தச் செயலியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு ஒருமுறை, மூன்று நாள் மட்டும் திறக்கும். போன வருடம் திறந்து மூடியாகிவிட்டது. இப்போது அதை யாரும் பயன்படுத்தவில்லை. பரிசோதித்துப் பார்க்க வசதி.

நிரலில் நான்கு வரி சேர்த்தேன். அது மூன்று கேள்விகள் கேட்டது. யாரிடம் சொல்ல வேண்டும்? என் பெயரைக் கொடுத்தேன். எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும்? நடுத்தரமாக. வாயடைக்கப்பட்ட பிழைகளும் பேசலாமா? பேசலாம் என்று டிக் செய்தேன். யோசித்துச் செய்யவில்லை.

நாற்பது நிமிடம் ஒன்றும் வரவில்லை. தில்லைநாயகம் மகிழ்ந்துபோய்ப் பால்கோவா வரவழைத்தார். எல்லோரும் தேக்கரண்டியோடு நின்றிருந்தபோது லிஃப்ட் திறந்தது. வெளிர்நீலச் சட்டை போட்ட நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கிளிப் அட்டையோடு இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"உங்கள் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது," என்றார்.

"நீங்க?"

"அறிக்கை."

அவர் அட்டையைப் பார்த்து வாசித்தார். சத்தம் நடுத்தரமாக இருந்தது.

"மூன்றாம் பக்கம். சமர்ப்பி பொத்தான். வரி இருநூற்றுப் பன்னிரண்டு. நிகழ்ந்து முன்னூற்று நாற்பது நாள். பாதிக்கப்பட்டவர் ஒருவர். வரியை எழுதியவர் நீங்கள்."

எல்லோரும் பால்கோவாவைக் கவனமாகப் பார்த்தார்கள்.

வரி இருநூற்றுப் பன்னிரண்டு எனக்கு நினைவிருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் செயலியைப் பார்வையிட வருவதற்கு முந்தைய நாள் எழுதியது. வாடிக்கையாளர் வரும் நாளில் பிழை கண்ணில் படக் கூடாது என்பது எங்கள் அலுவலக வழக்கம். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது போலத்தான். எல்லோரும் செய்வோம். பிழை வந்தால் எதையும் சொல்லாதே, வட்டத்தைச் சுற்றவிடு என்று எழுதினேன். 'டெமோ முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்' என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதினேன். டெமோ நன்றாக நடந்தது. எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனோம்.

தில்லைநாயகத்தின் அறைக்குள் போய், அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு சார்."

"நூறு பேருக்குக் குறைஞ்சா திருத்த அனுமதி டிக்கெட் கிடையாது. டிக்கெட் இல்லாம நிரலைத் தொடக் கூடாது. ஒருத்தருக்கு வந்தா அது பிழையா தம்பி?"

"பின்ன என்ன சார்?"

"அபிப்பிராயம்."

வெளியே வந்தேன். அறிக்கை என் மேசையருகே அதே இடத்தில் நின்றிருந்தார்.

"நீங்க போகலாம். நூறு பேர் வேணுமாம்."

"நான் சொல்லி முடிக்கவில்லை."

"இன்னும் என்ன?"

"அவர் இன்னும் காத்திருக்கிறார்."

பாதிக்கப்பட்டவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அறிக்கை வராந்தாவைக் காட்டினார். அன்று வராந்தா வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. கழிவறையும் தீயணைப்பு சிலிண்டரும் தாண்டியதும் விக்கிரவாண்டி வந்தது. திருச்சியில் குடிநீர் இயந்திரம் இருந்தது. ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். மதுரைக்குப் பிறகு தரைவிரிப்பு போடவில்லை. அருப்புக்கோட்டை அருகே இரண்டு டியூப்லைட் எரியவில்லை. அறிக்கை அதையும் குறித்துக்கொண்டார். கடைசியாக ஒரு கதவு இருந்தது. திறந்தேன். சாயல்குடி. மணி பதினொன்றரை.

அது ஒரு பிரவுசிங் சென்டர். ஆறு கணினிகள். அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்திலெல்லாம் சீருடையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நான்காம் நம்பர் கணினியின் முன்னால் ஒரு பெண்மணி, சுமார் முப்பத்தைந்து வயது, திரையைப் பார்த்தபடியே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதன்கீழ் இப்படி இருந்தது: 'உங்கள் விண்ணப்பம் சமர்ப்பிக்கப்படுகிறது. தயவுசெய்து இந்தப் பக்கத்தை மூடவோ புதுப்பிக்கவோ வேண்டாம்.'

அந்த வாக்கியமும் நான் எழுதியதுதான். 'தயவுசெய்து' என்பதைத் தில்லைநாயகம் சேர்க்கச் சொன்னார்.

கடைக்காரர் இபுராம்ஷா எழுந்து வந்தார்.

"கம்பெனியிலேருந்து வர்றியளா?"

"ஆமா அண்ணே."

"டீச்சரம்மா, வந்துட்டாக!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம், "முன்னூத்தி நாப்பது நாளு. ஒரு நாள்கூட அந்த மெஷினை நிறுத்தலை. கரண்டு போனா யுபிஎஸ். அதுவும் போனா என் வண்டி பேட்டரி. டீச்சர் குளிக்கப் போறப்ப என் வீட்டுக்காரி ஒக்காந்து பாத்துக்குவா. யாரும் கைய வச்சிறக் கூடாதுல்ல."

"பிள்ளைங்க?"

"டீச்சர் வகுப்புக்கு வரலைன்னு ஹெட்மாஸ்டரு வகுப்பை இங்க அனுப்பிட்டாரு. ஆறாப்பு பி."

அந்தப் பெண்மணி எனக்கு வணக்கம் சொன்னார். ஒரு கையால்தான். மறு கை மவுஸின் மேல் இருந்தது. பெயர் செண்பகலட்சுமி. அறிவியல் ஆசிரியை.

"சுத்திக்கிட்டேதாங்க இருக்கு," என்றார். "நின்னாதான் பயம். பங்குனியில ஒரு நாள் கொஞ்சம் மெதுவாச்சு. அப்புறம் சரியாயிருச்சு."

மானிட்டரின் விளிம்பில் பள்ளி ரிப்பன்கள் வரிசையாகத் தொங்கின. சிவப்பு. ஒன்றைவிட ஒன்று நீளம். கடைசி இரண்டு தரையில் கிடந்து மடங்கியிருந்தன.

"பாப்பாவோட உயரம்," என்றார் டீச்சர். "நித்திலா. அவளும் அவங்க அப்பாவும் தருமபுரியில இருக்காங்க. மாசம் ஒண்ணு அளந்து வெட்டி பஸ்ல குடுத்து விடுவாரு. நான் வர்றப்ப என் இடுப்பளவு இருந்தா."

"இப்ப?"

"ஏழே கால் அடி. ரெண்டாவதுதான் படிக்கிறா. அம்மா இல்லாத வீட்ல பிள்ளைங்க சீக்கிரம் வளந்துருதுங்க. வாசக்கால்ல தலை இடிக்குதாம். அடுத்த மாசம் கூரையைத் தொட்ருவா. அதுக்குள்ள நான் போயிரணும்."

"போயிருவீங்க," என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அறிக்கை என் தோளருகே வந்து நின்றார்.

"விண்ணப்பம் போகவில்லை," என்று வாசித்தார். "முதல் நொடியிலேயே நின்றுவிட்டது."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"அப்ப இந்த வட்டம்?"

நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அது படம் டீச்சர்."

"என்ன படம்?"

"சுத்துற படம். விண்ணப்பம் போனாலும் சுத்தும். போகலைன்னாலும் சுத்தும்."

"பங்குனியில மெதுவாச்சே?"

"அது வோல்டேஜ்," என்றார் இபுராம்ஷா தாழ்ந்த குரலில்.

முன்வரிசைப் பையன் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவள் அவன் தொடையில் கிள்ளினாள். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். கை மட்டும் மவுஸின் மேலேயே இருந்தது.

"யார் இப்படி எழுதுனது?"

"நான்தான்."

"ஏன் தம்பி?"

"விருந்தாளி வந்தாங்க டீச்சர்."

அவர் தலையசைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ஏன் நின்னுச்சாம்?" என்று அறிக்கையிடம் கேட்டார்.

"வரி இருநூற்றுப் பன்னிரண்டு அதைச் சொல்லவிடவில்லை."

"சரி. மூடிட்டு மறுபடி போட்டா?"

"கடைசித் தேதி முடிந்துவிட்டது. இந்தப் பக்கம் மட்டும் தேதிக்குள் இருக்கிறது. மூடினால் அடுத்த வாய்ப்பு ஆறு வருடம் கழித்து."

டீச்சர் மனத்துக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. அடிக்கணக்கு. விடையை அவர் சொல்லவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டால் பக்கத்தை மூடாமலே சரியாகிவிடும் என்றேன். அதற்கு டிக்கெட் வேண்டும், டிக்கெட்டுக்கு நூறு பேர் வேண்டும், இரண்டு மணிக்குள் வேண்டும் என்றும் சொன்னேன்.

"ரெண்டு மணிக்கு என்ன?" என்று இபுராம்ஷா கேட்டார்.

"மேலாளர் மீட்டிங் ஆயிடுவாரு."

"ஓ," என்றார். அவருடைய மச்சினனும் அப்படித்தானாம்.

வகுப்புத் தலைவி காளீஸ்வரி கையைத் தூக்கினாள். "சார், நூறு பேருன்னா விண்ணப்பம் போட்டவுகளா, பாதிக்கப்பட்டவுகளா?"

நான் அறிக்கையைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"பாதிக்கப்பட்டவர் என்றுதான் இருக்கிறது."

"அப்ப என்னைய எழுதிக்கங்க."

"என்ன பாதிப்பு?"

"டீச்சர் எங்க மூஞ்சியப் பாத்துப் பாடம் நடத்தி ஒரு வருசமாச்சு. மானிட்டரைப் பாத்தேதான் நடத்துறாக. நான் கையத் தூக்குனா அதுல நிழலு விழுந்தாத்தான் கவனிப்பாக."

அறிக்கை பேனாவைத் திறந்தார். "இரண்டு," என்றார்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முப்பத்தொரு பேர். ஒருவனுக்குச் சோதனைக் குழாய் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஒருத்தி யுபிஎஸ் சத்தத்தில் தூங்கிப் பழகிவிட்டாள், இப்போது வீட்டில் தூக்கம் வருவதில்லை. சிரித்த பையன், தனக்குப் பாதிப்பே இல்லை, ஜாலியாக இருக்கிறது என்றான். அறிக்கை அவனை எழுதவில்லை. அவன் வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, மறுபடி வந்து, டீச்சர் சாயங்காலம் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்றான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். அறிக்கை எழுதிக்கொண்டார்.

இபுராம்ஷா தன்னையும் எழுதச் சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்று கூப்பிட்டார். எதிர் டீக்கடை முனியம்மாள் வந்தார்.

"என்ன பாதிப்பு?"

"என் கண்ணாடி டம்ளரு ஒண்ணு டீச்சர்கிட்டயே கெடக்கு அண்ணே. கேக்க மனசு வரலை. அவுக படுற பாட்டுல டம்ளரைக் கேக்கச் சொல்றியளா?"

"முப்பத்துநான்கு."

பஸ் கண்டக்டர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ரிப்பன் கொண்டுவருபவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் பிரித்து அளந்து பார்த்துவிடுகிறாராம், வீட்டுக்குப் போய்ச் சொந்த மகளையும் அளக்கிறாராம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு பஸ் நின்றதே பாதிப்பு. அறிக்கை யோசித்தார். பிழையால்தான் கண்டக்டர் இறங்கினார், அதனால்தான் பஸ் நின்றது என்று காளீஸ்வரி விளக்கினாள். நாற்பத்தாறு பேரை எழுதினார். ஓர் ஆடும் வரிசையில் வந்தது. அதை அவர் எழுதவில்லை. ஆடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது.

தெருவில் போனவர் வந்தவரையும் சேர்த்து ஒன்றரை மணிக்குத் தொண்ணூற்றாறு ஆகியிருந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை. இபுராம்ஷாவின் மனைவி சமையலை விட்டு வந்ததால் தொண்ணூற்றேழு. டீச்சர் தருமபுரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கணவர் பேசினார். அறிக்கை கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் இருமினார்.

"பாதிப்புன்னு என்னங்க சொல்றது. காலையில ரெண்டு சடை பின்னணும். ஏணி போட்டுத்தாங்க பின்றேன்."

"தொண்ணூற்றெட்டு. அடுத்தவர்?"

போன் கை மாறியது. "நான் நித்திலா."

"என்ன பாதிப்பு?"

"இடிக்குது."

"எது?"

"தலை. அம்மா வந்தா இடிக்காதுன்னு அப்பா சொன்னாரு. நெசமா?"

அறிக்கைக்கு அப்படிப்பட்ட கேள்விகள் வருவதில்லை. "தொண்ணூற்றொன்பது," என்றார். அவருடைய சத்தம் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தது.

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. எல்லோரும் தெருவைப் பார்த்தார்கள். வெயில் மட்டும் இருந்தது.

"தம்பி, நீங்க?" என்றார் டீச்சர்.

"நான் கம்பெனி ஆளு டீச்சர்."

"இருந்தா என்ன?"

அறிக்கை என் பக்கம் திரும்பினார். "என்ன பாதிப்பு?"

நான் யோசித்தேன். எனக்கு எதுவும் ஆகவில்லை. முன்னூற்று நாற்பது நாளும் நன்றாகத் தூங்கினேன். பிரியாணிகூட இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"எனக்குத் தெரியவே இல்லை," என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார்.

"நூறு."

தில்லைநாயகத்தைக் கூப்பிட்டேன். பின்னணியில் கரகரவென்று சத்தம் கேட்டது.

"சீக்கிரம் சொல்லு தம்பி. நாற்காலி போட ஆரம்பிச்சிட்டாங்க."

"எங்க சார்?"

"எனக்குள்ள."

"நூறு ஆயிடுச்சு சார்."

"எல்லாரும் உண்மையான ஆளுங்கதானே?"

"ஆமா சார். ஒரு ஆடு வந்துச்சு. சேர்க்கலை."

"டிக்கெட் போட்டாச்சு. எடுத்துடு," என்றார். அதன்பிறகு அவர் குரலில் எட்டுப் பேர் பேசினார்கள்.

மூன்றாம் நம்பர் கணினியில் உட்கார்ந்து வரி இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன். என் குறிப்பு அப்படியே இருந்தது. இரண்டையும் அழித்தேன்.

பக்கத்துத் திரையில் வட்டம் நின்றது.

டீச்சர் ஒரு சிறிய சத்தம் எழுப்பினார். பிள்ளைகள் எல்லோரும் எக்கிப் பார்த்தார்கள். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. 'காரணம் போதவில்லை. குறைந்தது நாற்பது எழுத்துகள் வேண்டும்.'

"பிழை வந்துருச்சு!" என்று இபுராம்ஷா கத்தினார். டீக்கடையில் கைதட்டினார்கள். கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் புறப்பட்டது. அவர் அதன்பின்னால் ஓடினார்.

காரணம் என்ற கட்டத்தில் டீச்சர் முன்பு எழுதியது அப்படியே இருந்தது. 'மகள்.'

"இதுக்கு மேல என்னங்க எழுதுறது?" என்று கேட்டார்.

காளீஸ்வரி கீபோர்டை டீச்சர் பக்கம் நகர்த்தினாள். அவர் தட்டத் தொடங்கினார். ஒற்றை விரலால். முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும்.

"டீச்சர், நாப்பது தாண்டிருச்சு," என்றாள் காளீஸ்வரி.

"இரு."

கட்டம் நிரம்பியது. நான் அதைப் பெரிதாக்கினேன். மறுபடி நிரம்பியது. மறுபடி பெரிதாக்கினேன். டிக்கெட் இல்லாமல்தான் செய்தேன்.

"போதும் டீச்சரம்மா," என்றார் இபுராம்ஷா. "கலெக்டருக்கு மனு மாதிரி போகுது."

"நான் எழுதுறதுல பாப்பா இன்னும் குப்புறவே விழல அண்ணே."

மூன்றரை மணிக்கு முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமர்ப்பி பொத்தானை அழுத்தினார்.

'ஏற்கப்பட்டது.'

டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. இருக்கையின் பஞ்சு மெதுவாக மேலெழும்பிக்கொண்டிருந்தது. மேசையில் போன் இன்னும் ஸ்பீக்கரிலேயே இருந்தது. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருளும் சத்தம். பிறகு அந்தச் சிறுமியின் குரல் கேட்டது.

"அம்மா, நீ எக்காத. நான் குனியறேன்."

இபுராம்ஷா போனை எடுத்து அணைத்து வைத்தார். அது மற்றவர்கள் கேட்க வேண்டியதில்லை என்றார்.

அறிக்கை அட்டையில் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "தருமபுரியில் ஒருவர் கூடுதல்," என்று வாசித்தார். "சாயல்குடியில் ஒருவர் குறைவு." பேனாவை மூடினார். வந்த கதவைத் திறந்துகொண்டு போனார். நானும் போகலாமென்று பின்னாலேயே கதவைத் திறந்தேன். உள்ளே பழைய கீபோர்டுகளும் ஒரு தண்ணீர்க் கேனும் இருந்தன.

திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொரு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அடுத்த பாடம் காந்தம்," என்றாள் காளீஸ்வரி.

"நான் ஆசிரியர் இல்லம்மா."

"பரவால்ல சார். பெல் அடிக்க இன்னும் இருவது நிமிசம் இருக்கு."

நாற்காலியைத் திருப்பி அவர்களைப் பார்த்துப் போட்டேன். உட்கார்ந்தேன். காந்தத்துக்கு இரண்டு துருவங்கள் என்றேன். வடக்கு, தெற்கு. உடைத்தாலும் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு இருக்கும் என்றேன்.

"ஏன் சார்?" என்றான் அந்தச் சிரித்த பையன்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

அவர்கள் குனிந்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.